மைக் குத்த ஆட்டிய தலை

எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்த மென்பொருள் நல்லது, எந்தக் கணினி வாங்கலாம், ஒரு மணி நேரப் படத்தை எத்தனை நாளில் முடிக்கலாம் என்று ஒரு பட்டியல் வேறு அனுப்பியிருந்தீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இப்போது கழுத்து திரும்புவதில்லை. வலது கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிகிறது. முப்பத்து நான்கு வருடம் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு உடம்பு கொடுத்த பென்ஷன் இதுதான். இதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? உங்களுக்கு உபயோகப்படுகிற மாதிரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நான் செய்த ஒரு தப்பு.

சென்னையில் டிவி தொடர்களுக்கு வேலை செய்து அலுத்துப்போய் நான் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தேன். வேங்கிக்காலில் ஒரு மாடி அறையை எடுத்து இரண்டு திரைகள் வைத்தேன். இந்த ஊரில் எடிட்டருக்கு வேலை பஞ்சமே இல்லை. எங்கெங்கிருந்தோ வந்து ஆவணப்படம் எடுக்கிறார்கள். எல்லாப் படமும் மலையில்தான் ஆரம்பிக்கும். மலைமேல் மேகம், கிரிவலப் பாதையில் வெறுங்கால்கள், கற்பூரம், ஒரு சாமியாரின் தாடி. இந்த நான்கையும் எத்தனை முறை ஒட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் மலையைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

அப்படி ஒரு படத்துக்கு, சூரிய உதயத்துக்கு அடுத்து பரவசமான ஒரு முகம் வேண்டும் என்று கேட்டார்கள். இருந்த பதிவையெல்லாம் தேடி ஒரு பெரியவரின் முகத்தைக் கண்டுபிடித்தேன். பாதி மூடிய கண், லேசாகத் திறந்த வாய். மலைக்குப் பின்னால் சூரியன், அடுத்து அந்த முகம். திரையிட்டபோது முன்வரிசையில் இரண்டு பேர் கை கூப்பினார்கள். உண்மையில் அந்தப் பெரியவர் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த நொடியே முன்னால் நிற்பவரிடம், சாம்பார் நம்ம வரைக்கும் வருமா என்று கேட்கிறார். அதை நான் வெட்டிவிட்டேன்.

இதைப் பல வருடம் ஒரு ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவரை நாங்கள் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். படிக்க ஆள் வராமல் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு கேமரா வாங்கிக்கொண்டு படம் எடுக்க வந்தார். புத்தகம் யோசிக்கிற மாதிரி சினிமாவும் யோசிக்கும் என்பது அவருடைய கட்சி. என் ஜோக்கைக் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதனாலதான் அதுன்னு நாம சொல்றோமே சார், அந்த 'அதனால' கண்ணுக்குத் தெரியறதே இல்ல. ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு வருது, நடுவுல நாமதான் முடிச்சு போட்டுக்கறோம். கிளாஸ்ல இத நாலு மாசம் நடத்துவேன், ஒருத்தனுக்கும் புரியாது. நீங்க ரெண்டு ஷாட்டுல காட்டிட்டீங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் படம் என்றால் எனக்குத் தனி அக்கறை. அவரும் என்னைக் கைவேலைக்காரனாக நடத்தாமல், கூட உட்கார்ந்து யோசிக்கிற ஆளாக நடத்தினார். அந்த மரியாதைக்கு நான் மயங்கிவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் எடுத்த படம் துறவைப் பற்றியது. ஒருவன் வீட்டைத் துறக்கும்போது தன்னுடையதைத் துறக்கிறானா, இன்னொருவருடையதைத் துறக்கிறானா? இதுதான் அவர் கேள்வி. நல்ல கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்காக அவர் பிடித்த ஆள் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பதினோரு வருடம் முன்பு ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் ஓரம் வேனை நிறுத்தி, சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டு, கிரிவலப் பாதையில் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் மனைவி அஞ்சலை, பன்னிரண்டு வயதில் மகள் தேவி. இப்போது அவர் காவி கட்டிய ஏழுமலை சாமி. நன்றாகப் பேசுவார். கேமரா எங்கே இருக்கிறது என்றும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவ மனசு அறிஞ்சிதான் வந்தேன். அவ சம்மதம் இல்லாம ஒரு அடி எடுத்து வெச்சிருக்க மாட்டேன்" என்று படத்தில் சொல்கிறார்.

அஞ்சலையம்மாவைக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் படம் பிடித்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் பாயில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நிலத்தைப் பற்றிக் கேட்டால் சொன்னார். மகள் படித்ததைப் பற்றி, திருவண்ணாமலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை கிடைத்ததைப் பற்றிச் சொன்னார். கடைசியில் பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "அவர் போனதுக்கு நீங்க சம்மதிச்சீங்களாம்மா?" அந்த அம்மா பேசவில்லை. ஒன்றே முக்கால் நிமிடம் பேசவில்லை. அப்புறம், "அடுப்புல பால் இருக்குது" என்று எழுந்து உள்ளே போனார். பேராசிரியர் எங்களைப் பார்த்துத் தலையை இடம் வலமாக அசைத்தார். சாமான்களைக் கட்டினோம்.

படத்தை ஒட்டும்போது அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றோம். ஏழுமலை அப்படிச் சொன்ன பிறகு அடுத்து வர வேண்டியது அந்த அம்மாவின் பதில். பதில் இல்லை. அந்த மௌனத்தை வைக்கலாமா என்று பேராசிரியர் கேட்டார். பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான் என்று நான் சொன்னேன். நான்கு நாள் மல்லுக்கட்டினோம். கேள்வி கேட்டாகிவிட்டது, பதில் இல்லாமல் படம் அந்தரத்தில் தொங்குகிறது என்று அவர் புலம்பினார்.

ஐந்தாம் நாள் அவர் வருவதற்கு முன்னால் அந்தத் தலையாட்டலைக் கண்டுபிடித்தேன். பேட்டி தொடங்கும் முன்பே கேமராமேன் கேமராவை ஓடவிட்டிருந்தார். ஒலிப்பதிவு செய்யும் பையன் குரல் மட்டும் கேட்கிறது: "அம்மா, மைக்க சேலையில குத்திக்கலாமா?" அந்த அம்மா கண்ணைத் தாழ்த்தி, மெதுவாக, ஒரே ஒரு முறை தலையாட்டுகிறார். மூன்று விநாடிதான். அவ்வளவு அழகான தலையாட்டலை என் வேலையில் நான் பார்த்ததே இல்லை. அதில் வருத்தமும் இருந்தது, கூச்சமும் இருந்தது. பையனின் குரலை எடுத்துவிட்டேன். ஏழுமலையின் வாக்கியத்துக்கு அடுத்து அதை வைத்தேன்.

பேராசிரியர் வந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது எங்கே இருந்தது என்று கேட்டார். இருந்தது சார் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'அதனால' என்பதைப் பற்றி நான்கு மாதம் பாடம் நடத்தியவரும், அதை இரண்டு ஷாட்டில் காட்டியவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் ஒரு மண்டபத்தில் திரையிட ஏற்பாடு ஆனது. அதன் பிறகு கலந்துரையாடல். அதற்கு இரண்டு வாரம் முன்பே விளம்பரத்துக்காக ஒரு நிமிடத் துண்டை வெட்டி அனுப்பினோம். ஏழுமலையின் வாக்கியம், அஞ்சலையம்மாவின் தலையாட்டல், மலை. அது கைபேசிக்குக் கைபேசி தாவி, இரண்டு நாளில் கீழ்பென்னாத்தூருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

திரையிடலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அஞ்சலையம்மா என் அறைக்கு வந்தார். விசாரித்து விசாரித்து, கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். அப்பா போன வருடம் தேவி அம்மாவிடம், நீதான் அவரை அனுப்பினாயா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று அம்மா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அந்தச் சத்தியத்தின் மேல்தான் தாயும் மகளும் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். இப்போது மகள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டாள். ஊர் முன்னால் தலையாட்டத் தெரிந்தவளுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா, பொய்க்காரி என்று போனில் சொல்லிவிட்டு, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். பத்து நாளாக வீட்டுக்கு வரவில்லை. போனை எடுப்பதில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பக்கத்து வூட்டு பொண்ணு போன்ல எட்டு வாட்டி பாத்தேன் சார். தல என்னுதுதான், சேலயும் என்னுதுதான். நான்தான் ஆட்டறேன். எதுக்கு ஆட்டுனேன்னு மட்டும் ஞாபகம் வரல. நெசமாவே சம்மதம்னு சொல்லிட்டு மறந்துட்டனா? நீங்க பக்கத்துல இருந்தீங்களே, சொல்லுங்க" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் பல இயக்குநர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒரு தொடரின் இரண்டு வாரப் பதிவையே அழித்துத் தொலைத்திருக்கிறேன். எதையும் மறுநாள் நினைத்துப் பார்த்ததில்லை. இது அப்படி இல்லை. ஒரு மனுஷியின் பேச்சைத் திரித்தேன் என்பது வரைக்கும் எனக்கு ஓரளவு தெரிந்துதான் இருந்தது. அவருடைய ஞாபகத்திலேயே கை வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேராசிரியர் அன்று பாண்டிச்சேரியில், கலந்துரையாடலுக்கு யாரையோ அழைக்கப் போயிருந்தார். போன் செய்து முழுவதையும் சொன்னேன். அந்தத் தலையாட்டலில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது, அது எந்தக் கேள்விக்கு என்பது சின்ன விஷயம் என்றார். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டிவிடலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடித்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். வெட்டாத முழுப் பதிவைப் படத்தில் வருகிறவர்களுக்குக் காட்டவே கூடாது. காட்டினால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள், படம் முடியாது. இன்னொன்றும் உண்டு. முடிவு இயக்குநருடையது, எடிட்டர் கை மட்டும்தான். இந்த இரண்டாவதை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ இடத்தில் தப்பித்திருக்கிறேன். அன்றும் தப்பித்திருக்கலாம். இயக்குநர் சொல்லிவிட்டார், நான் என்னம்மா செய்வது என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவர் பேசாமல் போயிருப்பார். ஆனால் அந்தத் தலையாட்டலைத் தேடி எடுத்தது நான். அது எங்கே இருந்தது என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான்.

அது சம்மதத்துக்கு ஆட்டியதில்லை, நாளை மதியம் வந்து நீங்களே பாருங்கள் என்று அஞ்சலையம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கேன் சென்டருக்குப் போய் தேவியைக் கையோடு கூட்டிவந்தேன். வர மறுத்தாள். படத்தில் தப்பு நடந்திருக்கிறது, செய்தவன் நான், வந்து பார்த்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றேன். வந்தாள். அறைக்குள் அம்மா இருப்பதைப் பார்த்ததும் கதவோரமே நின்றுகொண்டாள்.

முழுப் பதிவை முதலிலிருந்து ஓட்டினேன். ஒலிப்பதிவுப் பையனின் குரல் கேட்டது. மைக்கைக் குத்திக்கலாமா? தலையாட்டல். அஞ்சலையம்மா, "தோ, இதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க, முழுசா ஓட்டுங்க" என்றாள் தேவி.

ஓட்டினேன். நிலம், படிப்பு, வேலை எல்லாம் வந்து போயின. பேராசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மௌனம் தொடங்கியது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தை நான் திரையில் ஒரு முறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. யாரும் பேசாத இடம் வந்தால் இரட்டை வேகத்தில் ஓட்டிவிடுவது எடிட்டர்களுக்கு விரலோடு ஊறிய பழக்கம். அன்றுதான் அதன் வேகத்திலேயே பார்த்தேன். உரித்துக்கொண்டிருந்த கை நிற்கிறது. உதடு ஒரு தடவை திறந்து மூடுகிறது. கையில் இருந்த மல்லாட்டையை அவர் திரும்பக் கூடையிலேயே போடுகிறார். கண் நிறைகிறது, ஆனால் வடியவில்லை. பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான் என்று நான் சொன்னேனே, அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. பிறகு பால் என்று சொல்லி எழுந்து போகிறார். காலிப் பாய். பேராசிரியரின் குரல்: போதும், கட் பண்ணிடு. பதிவு முடிந்தது.

"ஏம்மா அவங்க கேட்டப்ப இல்லன்னு சொல்லல?" என்று தேவி கேட்டாள். குரலில் கோபம் கம்மியாகியிருந்தது.

அந்த அம்மா திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"என்ன யாரும் சம்மதமான்னு கேட்டதே இல்ல தேவி. உங்கப்பன் கேக்கல. ஊரு கேக்கல. நீகூட அனுப்புனியான்னுதான் கேட்ட. பதினோரு வருசத்துல மொதமொதல்ல கேட்டது இவங்கதான். சட்டுனு வாய் வரல. பால எறக்கி வெச்சிட்டு வந்து சொல்லலாம்னு போனேன். வந்து பாத்தா பெட்டிய மூடிட்டிருந்தாங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கதவருகே வந்து நின்றார். கையில் எதுவும் இல்லை. எதற்கு நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வர்றோம்மா என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினோம். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை அணைத்தேன். தேவி மணியைப் பார்த்தாள். இடைவேளை முடிந்துவிட்டது. கீழே உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கி, பஸ் ஏத்திவிட்டுப் போறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலைக்குள் தலையாட்டலை எடுத்துவிட்டு, கேள்வியையும் மௌனத்தையும் காலிப் பாயையும் முழுதாக வைத்தேன். பேராசிரியர் ஞாயிறு விடிந்ததும் வந்து பார்த்தார். படம் இப்போது முடியவில்லையே சார் என்றார். ஆமாம் சார், முடியவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதையே காட்டுவோம் என்றார். அவர் மேல் எனக்கு மிச்சமிருக்கும் மரியாதை அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மௌனம் வந்ததும் முதலில் யாரோ இருமினார்கள். படம் நின்றுவிட்டது என்று ஒருவர் ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். கை தட்டல் இல்லை. கலந்துரையாடலில், படித்தவர், நல்ல பேச்சாளர் ஒருவர், பத்து நிமிடம் பேசினார். அந்த அம்மாவின் மௌனம் சொல் கடந்த சம்மதம், கணவரின் துறவைவிட மேலான துறவு அதுதான், இதைச் சினிமாவால் மட்டுமே காட்ட முடியும் என்றார். பலர் ஆமோதித்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தலையாட்டலை எடுத்த பிறகும் 'அதனால' போகவில்லை. நாங்கள் போடாமல் விட்ட முடிச்சைக் கூட்டம் தானே போட்டுக்கொண்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து தேவி எழுந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் அஞ்சலையம்மா உட்கார்ந்திருந்தார்.

"அது எங்கம்மாதாங்க. அவங்க சம்மதிக்கல. பால் பொங்கிடும்னு எழுந்து போனாங்க. திரும்பி வரதுக்குள்ள கேமராவ மூடிட்டாங்க. அவ்ளோதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மைக் இல்லாமல்தான் பேசினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. பத்து நிமிடம் பேசியவர் தன் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அஞ்சலையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதமே அந்த அறையைக் காலி செய்தேன். சினிமா யோசிக்குமா என்று நீங்களும் பேசிக்கொள்வீர்கள், பேசுங்கள், நல்ல விஷயம்தான். எனக்கு அந்தப் பேச்சில் இப்போது தெம்பில்லை. பேசாத இடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டாதீர்கள். பால் இறக்கப் போனவர் திரும்பி வருகிற வரைக்கும் பெட்டியை மூடாதீர்கள்.

இன்னொன்று. முதலில் அனுப்பிய அந்த ஒரு நிமிடத் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நாங்கள் எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம், ஆனால் போனது போனதுதான். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது யாராவது எனக்கே அனுப்புகிறார்கள். போன வாரம் என் மச்சினர், என்ன அருமையான காட்சி பாருங்கள் மாமா என்று எழுதி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே பதிலை அடித்து அனுப்புகிறேன்: அந்த அம்மா தலையாட்டியது மைக் குத்திக்கொள்வதற்கு. சம்மதத்துக்கு இல்லை. இதை இப்படி வெட்டி ஒட்டியவன் நான். கண்ணில் தண்ணீர் வடிய வடிய, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் என்றாவது அது வந்து சேரும். வந்தால், அனுப்பியவருக்கு இதையே எழுதி அனுப்புங்கள். என் பெயரையும் போடுங்கள்.